எடையைக் குறைத்த சாப்மன்

போன செமஸ்டரில் எங்கள் ஆட்டோமொபைல் பிரிவு மாணவர்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு வேலை செய்தோம். ஒர்க்‌ஷாப்பில் கிடந்த ஒரு பழைய சின்னக் காரின் பெட்ரோல் இன்ஜினை இறக்கிவிட்டு, கொஞ்சம் பெரிய டீசல் இன்ஜினை ஏற்றினோம். செயின் பிளாக்கில் தொங்கியவரை எல்லாம் ஜோர்தான். மவுண்டிங்கில் உட்கார்ந்ததும் முன் ஸ்பிரிங் அப்படியே படுத்துவிட்டது! ஸ்பிரிங்கை மாற்றினோம், பிரேக் போதவில்லை. பிரேக்கை மாற்றினோம், ஸ்டியரிங் திரும்ப மாட்டேன் என்றது. எங்கள் அவதியைப் பார்த்து ஒர்க்‌ஷாப் சார் போய்ப் படிக்கச் சொன்ன பெயர்தான் கொலின் சாப்மன்.

1928 மே 19 அன்று, லண்டனை அடுத்த ரிச்மண்டில் பிறந்தவர். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் அவர் படித்தது மெக்கானிக்கல் இல்லை, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிங்! (சிவில் பிரிவு நண்பர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.) படிக்கும்போதே பழைய கார் வாங்கி விற்கும் சைடு பிசினஸ். 1947-ல் தனியார் கார்களுக்கான பெட்ரோல் ரேஷனை அரசு நிறுத்தியதும் கார் விலை தடாலென்று விழுந்தது. வாங்கி வைத்ததையெல்லாம் நஷ்டத்துக்குத் தள்ளிவிட்டார். மிஞ்சியது 1930-ம் வருடத்து ஆஸ்டின் செவன் ஒன்று. அதைக் காதலி ஹேசலின் பெற்றோர் வீட்டு கராஜில் போட்டுப் பிரித்து, பிளைவுட், அலுமினியத்தில் புது பாடி கட்டினார். அதுதான் முதல் லோட்டஸ். அடுத்த காரிலேயே ஆஸ்டின் இன்ஜின் போய் ஃபோர்டு இன்ஜின் வந்துவிட்டது.

எனக்கு ரொம்பப் பிடித்தது 1951-ல் அவர் செய்த வேலை. 750 சிசி பந்தயத்தில் ஆஸ்டின் செவன் இன்ஜினைத்தான் போடணும், மாற்றக் கூடாது. அந்த இன்ஜினில் நான்கு சிலிண்டருக்கு இரண்டே இன்லெட் போர்ட். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள் ஒரே போர்ட்டில் மூச்சு வாங்குவதால், ஒன்றின் மிக்சரை இன்னொன்று பிடுங்கிக்கொள்ளும். சாப்மன் மானிஃபோல்டிலிருந்து போர்ட்டுக்குள் ஒரு தடுப்பை நீட்டினார். இரண்டு போர்ட், நான்கு போர்ட் மாதிரி ஆனது! மற்ற கார்கள் எல்லாம் பின்னால்தான். அப்புறம் விதியைத் திருத்தி அந்தத் தந்திரத்தைத் தடை செய்தார்கள். இன்ஜினை மாற்றாமலே இன்ஜினை மாற்றுவது என்றால் இதுதானே?

1952-ல் ஹேசல் கொடுத்த 25 பவுண்டில் கம்பெனி தொடங்கினார். இடம், ஹார்ன்ஸியில் அப்பா நடத்திய ஓட்டலின் பின்னால் இருந்த குதிரை லாயம். ஹேசல் பிறகு அவர் மனைவியானார்.

1957-ல் வந்த லோட்டஸ் செவன் 500 கிலோ கூட இல்லை. அதில் இருந்தது சாதாரண குடும்பக் காரில் ஓடிய ஃபோர்டின் 1172 சிசி சைடு வால்வ் இன்ஜின். திறன் சுமார் 40 குதிரை. உதிரியாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொண்டால் விற்பனை வரி கிடையாது என்பதால் இளைஞர்கள் மொய்த்தார்கள். அதே வருடம் வெளிவந்த எலீட் காரின் இன்ஜின் எங்கிருந்து வந்தது தெரியுமா? தீயணைப்புப் படைக்காரர்கள் தூக்கிச் செல்ல வசதியாக கவென்ட்ரி கிளைமாக்ஸ் கம்பெனி செய்த பம்ப் இன்ஜினின் வாரிசு அது! அலுமினியத்தில் செய்தது, அதனால் கனம் குறைவு. ஆனால் விலை அதிகம், லாபம் பார்க்க முடியவில்லை. எனவே 1962-ல் எலான் காருக்கு, மலிவான ஃபோர்டு பிளாக்கின் மேல் இரட்டை கேம்ஷாஃப்ட் ஹெட் ஒன்றை ஏற்றினார்கள். ஹெட்டை வரைந்தவர் ஹாரி மண்டி. முதலில் 1498 சிசி. சில கார்கள் விற்ற பிறகு 1558 சிசி ஆக்கி, முதலில் வாங்கியவர்களுக்கும் இன்ஜினை மாற்றிக் கொடுத்தார்கள். அதற்காகக் கார் கனத்துவிடவில்லை, 700 கிலோவுக்குள்தான்.

1967-ல் ஃபோர்டு பணத்தில் காஸ்வொர்த் செய்த டிஎஃப்வி இன்ஜின் லோட்டஸ் 49-ல் வந்தது. டிரைவர் முதுகுக்குப் பின்னால் சேஸிஸே கிடையாது! இன்ஜினை போல்ட் போட்டு முடுக்கி, பின் சஸ்பென்ஷனை அதிலேயே தொங்கவிட்டார்கள். பாரமாக இருந்தது தூணாகிவிட்டது. ஸ்ட்ரக்சுரல் படித்தவர் மூளை! நெதர்லாந்தில் ஓடிய முதல் பந்தயத்திலேயே ஜிம் கிளார்க் ஜெயித்தார்.

இதோடு நிறுத்தினால் நான் பாதி வரலாறுதான் சொன்னவனாவேன். 1960-ல் பெல்ஜியத்தின் ஸ்பா பந்தயப் பயிற்சியில் ஸ்டர்லிங் மாஸ் ஓட்டிய லோட்டஸின் பின் சக்கரம் கழன்று ஓடியது. அவர் இரண்டு காலும் முறிந்தது. அதே நாளில் மைக் டெய்லரின் லோட்டஸில் ஸ்டியரிங் உடைந்தது; அவர் பந்தயத்துக்குத் திரும்பவே இல்லை. 1969-ல் பார்சிலோனாவில் இரண்டு லோட்டஸ் கார்களின் இறக்கையும் ஒடிந்தது. தப்பிப் பிழைத்த யோகன் ரின்ட், பாகங்களைக் கொஞ்சம் பலமாகச் செய்யும்படி சாப்மனுக்குக் கடிதம் எழுதினார். அடுத்த வருடம் மோன்சாவில் ரின்ட் இறந்தார். முன் பிரேக் ஷாஃப்ட் உடைந்ததில் தொடங்கிய விபத்து என்று விசாரணை சொன்னது. உயிரைப் பறித்தது சரியாகப் பொருத்தாத தடுப்பு வேலிதான் என்று, சாப்மன் வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டார். அந்த வருடத்து உலகச் சாம்பியன் பட்டம், இறந்துபோன ரின்டுக்கே கிடைத்தது. அந்தக் கடிதத்தைப் பற்றிப் படித்த அன்று, எங்கள் காரின் மவுண்டிங் வெல்டிங்கை நானே இன்னொரு முறை போய்ப் பார்த்தேன்.

சாப்மன் 1982 டிசம்பர் 16 அன்று மாரடைப்பால் காலமானார். வயது 54 தான். டி லோரியன் கார் திட்டத்தில் காணாமல் போன அரசுப் பணத்தில் அவருக்கும் பங்கு உண்டு என்ற குற்றச்சாட்டு பிறகு கிளம்பியது. அவரது நிதி அதிகாரி 1992-ல் சிறை சென்றார்.

செவன் காரின் உரிமையை 1973-லேயே கேட்டர்ஹாம் வாங்கிவிட்டது. ஃபோர்டு, ரோவர் என்று அதில் மாறாத இன்ஜின் இல்லை. 2013-ல் சுசுகியின் 660 சிசி குட்டி இன்ஜினைக்கூட வைத்து ஓட்டிவிட்டார்கள்.

எங்கள் டீசல் இன்ஜினா? இறக்கிவிட்டோம். பழைய பெட்ரோல் இன்ஜினின் ஹெட்டைக் கழற்றி மேஜையில் வைத்திருக்கிறோம். இன்லெட் போர்ட்டுக்குள் டார்ச் அடித்து நாலு பேரும் மாறி மாறி எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.