தவறிய பட்டியலும் தாழ்மையான துறவியும்

கணக்கு என்றதும் முகம் சுழிக்கும் பிள்ளைகள் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். கணித உலகம் மறவாத ஒரு பெயர் ஏழைத் துறவி ஒருவருடையது என்பதை அவர்களுக்குச் சொல்லுங்கள். அவரே மரின் மேர்சேன் அடிகளார்.

1588 ஆம் ஆண்டு செப்டெம்பர் 8 ஆம் திகதி, தேவமாதாவின் பிறந்த திருநாளில், பிரான்ஸ் தேசத்தில் எளிய குடும்பமொன்றில் அவர் பிறந்தார். லா பிளெஷ் நகரில் இயேசு சபையாரின் கல்லூரியில் கற்று, 1611 இல் மினிம் சபையில் சேர்ந்து, பின்பு குருவானார். புனித பவுலா பிரான்சிஸ் நிறுவிய அச்சபையின் பெயருக்கு மிகச் சிறியோர் என்பது பொருள். மாமிசம், முட்டை, பால் ஆகியவற்றை ஆயுள் முழுவதும் விலக்குவது அவர்களுடைய வார்த்தைப்பாடு.

பாரிஸ் மடத்தில் அடிகளாரின் சிற்றறை ஐரோப்பிய அறிஞர்களின் தபாற்கந்தோர் போலாயிற்று. விஞ்ஞான சஞ்சிகைகள் இல்லாத காலம் அது. டேக்கார்ட், பேர்மா போன்றோர் அவருக்கு எழுதுவார்கள். ஒருவர் கண்டதை அவர் மற்றவருக்கு அறிவிப்பார். கலிலியோ 1633 இல் தண்டிக்கப்பட்ட பின்னரும், அவரது பொறிமுறை நூலை 1634 இல் பிரெஞ்சில் வெளியிட்டவர் இவரே.

இனி அவர் பெயர் தாங்கிய எண்களைப் பாருங்கள். மூன்று இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 7. ஐந்து இரண்டுகளானால் 31. இவை ஒன்றாலும் தம்மாலும் அன்றி வகுபடாத முதன்மை எண்கள். ஆனால் பதினொரு இரண்டுகள் தரும் 2047, 23 ஐ 89 ஆல் பெருக்க வருவது. அப்படியானால் எவை முதன்மை எண்கள்? 1644 இல் அடிகளார் 257 இரண்டுகள் வரைக்கும் ஒரு பட்டியல் வெளியிட்டார். 67 உம் அதில் இருந்தது.

67 இரண்டுகள் தரும் எண் 147,573,952,589,676,412,927 ஆகும். அது முதன்மை எண் அல்ல என்று 1876 இல் லூக்காஸ் நிறுவினார். 193,707,721, 761,838,257,287 என்னும் அதன் காரணிகளை 1903 இல் நியூயோர்க்கில் பேராசிரியர் கோல் காட்டினார். 257 உம் பிழையாகச் சேர்ந்ததே. 61, 89, 107 விடுபட்டிருந்தன. பட்டியலை முற்றாகச் சரிபார்த்து முடிக்க 1947 ஆயிற்று.

ஐந்து பிழைகள் விட்டவரின் பெயர் ஏன் நிலைத்தது? இருபது இலக்க எண்ணொன்றைச் சோதிக்க எல்லாக் காலமும் போதாது என்று அவரே ஒப்புக்கொண்டிருந்தார். ஆயினும் பிழை நேருமே என்று பயந்து வாய்மூடி இருக்கவில்லை. கேள்வியை எல்லார் முன்னும் வைத்தார். அந்தக் கேள்வியே பின்வந்தோருக்கு வழிகாட்டியது. 2024 இல் கண்டறியப்பட்ட, 41,024,320 இலக்கங்கள் கொண்ட முதன்மை எண்ணும் மேர்சேன் எண்ணே.

1648 செப்டெம்பர் 1 ஆம் திகதி அடிகளார் இறைவனடி சேர்ந்தார். நோயின் காரணத்தை வைத்தியர்கள் அறியட்டும் என்று, இறந்தபின் தம் உடலை வெட்டிப் பார்க்கவும் கேட்டிருந்தார். சாவிலும் பிறருக்குப் பயன்பட விரும்பியவர் அவர்.

உங்கள் பிள்ளையின் கொப்பியில் பிழைக்குறி கண்டால் கோபிக்காதீர்கள். இந்தத் துறவியின் கதையைச் சொல்லி, மறுபடியும் முயலச் சொல்லுங்கள்.