சினிமாவை விரும்பாத ராஜாஜி... அவர் கதைக்கு தேசிய விருது வந்தது எப்படி?

ஒவ்வொரு வருஷமும் திரைப்பட விருதுப் பட்டியல் வெளியானதும், இந்தப் படத்தையெல்லாம் யார் பார்த்தார்கள் என்ற கேள்வி கிளம்பும். விருது எதற்கு என்று புரிய, ஓசூர்க்காரர் ஒருவரின் வாழ்க்கையைப் பார்க்கலாம். அவருக்கு சினிமான்னாலே ஆகாது!

யார் அவர்?

ராஜாஜி. ஓசூர் அருகே தொரப்பள்ளியில் 1878 டிசம்பர் 10-ஆம் தேதி பிறந்தார். அப்பா கிராம முன்சீப். ஓசூரில் பள்ளிப்படிப்பு, பெங்களூரு சென்ட்ரல் கல்லூரியில் பட்டம், சென்னையில் சட்டம். இன்று ஓசூர் இளைஞர்கள் வேலைக்காகத் தாண்டும் அதே எல்லையை அவர் படிப்புக்காகத் தாண்டினார். பிறகு சேலத்தில் பேர்போன வக்கீல். 1917-இல் சேலம் நகராட்சித் தலைவர்.

மதுவுக்கு எதிராக ஏன் இறங்கினார்?

1925-இல் திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கினார். கூலிக்காசு கள்ளுக்கடையிலேயே கரைவதை அங்கே நேரில் பார்த்தார். மதுவிலக்குப் பிரசாரத்துக்காகவே ‘விமோசனம்’ என்ற பத்திரிகை நடத்தினார். அதில் அவருக்குத் துணையாக இருந்தவர் கல்கி. அந்தக் கல்கிதான் பின்னாளில் ‘தியாக பூமி’ படத்துக்குக் கதை எழுதினார். ஆனால் ராஜாஜிக்கு சினிமா மீது கடைசிவரை நம்பிக்கை வரவில்லை. மக்களைக் கெடுக்கும் பொழுதுபோக்கு என்றே நினைத்தார்.

ஆட்சிக்கு வந்ததும் என்ன செய்தார்?

1937-இல் சென்னை மாகாணப் பிரதமரானார். அந்த அக்டோபர் 1-ஆம் தேதி, சேலம் மாவட்டத்தில் முதன்முதலாக மதுவிலக்கு வந்தது. இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டமும் அப்போது சேலத்தோடுதான் இருந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் மைசூர் சமஸ்தானம்; இந்தச் சட்டம் அங்கே செல்லாது.

மதுவால் வந்த வருமானம் போனதே, அதை எப்படி ஈடுகட்டுவது? 1939-இல் விற்பனை வரி கொண்டுவந்தார். சினிமா டிக்கெட்டையும் விடவில்லை: கேளிக்கை வரிச் சட்டமும் அதே ஆண்டில் வந்ததுதான்.

சரி, சினிமா எங்கே வந்தது?

அவர் எழுதிய கதைகளில் ஒன்று ‘திக்கற்ற பார்வதி’. கணவன் குடியில் விழுகிறான், கடன் ஏறுகிறது, குடும்பம் கோர்ட் வாசல் வரை போகிறது. எல்லாச் சுமையும் பார்வதி தலையில். அவ்வளவுதான் கதை.

1971-இல் தமிழக அரசு மதுவிலக்கைத் தளர்த்த முடிவெடுத்தது. 92 வயது ராஜாஜி கொட்டும் மழையில் முதல்வர் கருணாநிதியின் வீட்டுக்கே போய், வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அரசு நிதி நெருக்கடியைக் காரணம் காட்டியது, கடைகள் திறந்தன. 1972 டிசம்பர் 25-ஆம் தேதி ராஜாஜி மறைந்தார்.

அதன் பிறகு சிங்கீதம் சீனிவாசராவ் அந்தக் கதையைப் படமாக்கினார். பார்வதியாக லட்சுமி, கணவன் கருப்பனாக ஸ்ரீகாந்த், இசை வீணைக் கலைஞர் சிட்டிபாபு. படப்பிடிப்பு நடந்தது ராஜாஜி பிறந்த தொரப்பள்ளியில்! 1973-ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் சிறந்த தமிழ்ப் படமாக அது தேர்வானது. 1974-இல் தியேட்டர்களுக்கு வந்தது.

அப்போ, விருதால் என்ன பயன்?

வசூல் கணக்கு ஒரு பக்கம் இருக்கட்டும், படத்தின் தரத்தைத் தனியே எடைபோட ஆள் வேண்டும் என்ற எண்ணம் பழையது. நியூயார்க் விமர்சகர்கள் 1935-இலும், கொல்கத்தாவின் சினிமா பத்திரிகையாளர்கள் 1937-இலும் அதற்காகச் சங்கம் அமைத்தார்கள். மத்திய அரசின் தேசிய விருதுகள் 1954-இல் தொடங்கின. ராஜாஜி பாரத ரத்னா பெற்றதும் அதே ஆண்டில்தான்.

‘திக்கற்ற பார்வதி’யில் சண்டையும் இல்லை, ஆரவாரமும் இல்லை. விருதுப் பட்டியலில் இடம்பிடித்ததால்தான் தமிழ் சினிமா பற்றிப் பேசும்போது அந்தப் பெயர் இன்னும் அடிபடுகிறது. சட்டம் போட்டு ராஜாஜி நிறுத்திய குடி, அரசு மாறியதும் திரும்பி வந்தது. பார்வதியின் கதையை மட்டும் யாராலும் ரத்து செய்ய முடியவில்லை.

சிப்காட் ஷிஃப்ட் முடிந்து வருபவர்களின் சம்பளத்தில் எவ்வளவு வீட்டுக்குப் போகிறது என்ற கேள்வி ஓசூரில் இன்றும் இருக்கிறது. தொரப்பள்ளியில் ராஜாஜி பிறந்த வீடு இப்போது அரசு நினைவு இல்லம். வார இறுதியில் ஒருமுறை போய்ப் பாருங்கள். முடிந்தால் அதற்கு முன் அந்தப் படத்தையும்.