ஹெலனின் தாயார்

ஹெலன் கெல்லரின் பெயரை அறியாதவர் மிகச் சிலரே. பார்வையும் செவிப்புலனும் இல்லாத அவருக்குக் கல்வி புகட்டியவர் ஆன் சல்லிவன் என்பதையும் பலர் அறிவர். அந்த ஆசிரியை வருவதற்கு முன்பே ஹெலனின்மீது நம்பிக்கை வைத்திருந்தவர் அவருடைய தாயார் கேட் கெல்லர் ஆவார்.

ஹெலன் 1880ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் நாள் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் உள்ள டஸ்கம்பியா எனும் ஊரில் பிறந்தார். பத்தொன்பது மாதக் குழந்தையாக இருந்தபோது கடும் நோய்க்கு ஆளானார். உயிர் பிழைத்தாலும் பார்வையையும் கேட்கும் ஆற்றலையும் இழந்தார். தம் விருப்பத்தைப் பிறருக்குப் புரிய வைக்க இயலாதபோது ஹெலன் கத்துவார், உதைப்பார், பொருள்களை உடைப்பார். அதனைக் கண்டு கேட் மனம் கலங்கினாலும், மகள் அறிவுள்ளவள் என்பதை உணர்ந்திருந்தார். ஹெலன் தாமாகவே உருவாக்கிக்கொண்ட சைகைகளைக் கண்ணும் கருத்துமாகக் கவனித்துப் புரிந்துகொண்டார்.

ஒருநாள் சார்லஸ் டிக்கன்ஸ் எழுதிய பயண நூல் ஒன்றைக் கேட் படித்தார். பார்வையும் செவிப்புலனும் இல்லாத லாரா பிரிட்ஜ்மன் பாஸ்டன் நகரில் கல்வி கற்ற செய்தி அதில் இருந்தது. லாராவால் முடிந்தது தம் மகளாலும் முடியும் என்ற எண்ணம் அவருள் வேரூன்றியது. பெற்றோர் இருவரும் உதவி தேடத் தொடங்கினர். 1886இல் தந்தை ஹெலனைப் பால்டிமோர் நகரக் கண் மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். பார்வையை மீட்க இயலாது என்று கூறிய மருத்துவர், அலெக்சாண்டர் கிரகாம் பெல்லைச் சந்திக்கும்படி அறிவுறுத்தினார். பெல் பாஸ்டனில் இருந்த பெர்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளிக்குக் கடிதம் எழுதுமாறு கூறினார். அதன் பயனாக, 1887 மார்ச் 3ஆம் நாள் இருபது வயதே ஆன ஆன் சல்லிவன் டஸ்கம்பியா வந்து சேர்ந்தார்.

ஹெலனுடன் தனியே தங்கிப் பாடம் நடத்த ஆன் விரும்பினார். பிள்ளையைப் பிரிவது கடினமாக இருந்தும் பெற்றோர் இணங்கினர். ஏப்ரல் 5ஆம் நாள், ஒரு கையில் நீர் வழிந்தோட, மறு கையில் ஆன் எழுதிய எழுத்துகளின் பொருளை ஹெலன் உணர்ந்தார். கேட்டும் விரல் எழுத்துகளைக் கற்றுக்கொண்டு மகளுடன் உரையாடினார்.

1896இல் கணவர் காலமானார். மறு ஆண்டு, ஹெலன் அளவுக்கு மீறிப் படிப்பதால் உடல்நலம் கெடும் என்று கருதிய பள்ளித் தலைவர், ஆனை அவரிடமிருந்து பிரிக்க முயன்றார். கல்வியாளரின் சொல்லை நம்பிக் கேட் முதலில் இசைந்தார். எனினும், நெடுந்தூரம் பயணம் செய்து மகளை நேரில் கண்டார். ஹெலன் நலமாகவே இருந்தார். ஆசிரியையைப் பிரிய அவருக்கு மனமில்லை. உண்மையை அறிந்த கேட் தம் முடிவை மாற்றிக்கொண்டார். ஆன் ஹெலனுடனேயே இருப்பார் என்று உறுதியாக அறிவித்து, மகளை அப்பள்ளியிலிருந்து விலக்கினார்.

பின்னர்த் தனி ஆசிரியரிடம் பயின்ற ஹெலன், 1900இல் ராட்கிளிஃப் கல்லூரியில் சேர்ந்தார். ஆன் விரிவுரைகளை அவரது கையில் எழுதிக் காட்டினார். 1904இல் ஹெலன் சிறப்புத் தேர்ச்சியுடன் பட்டம் பெற்றார்.

கேட் 1921இல் மறைந்தார். பெரியோரின் அறிவுரையை மதித்த அவர், இறுதி முடிவெடுக்கும் முன் மகளின் மனத்தையும் கேட்டறிந்தார். தாயின் அந்தத் துணிவு ஹெலனின் கல்வி தடைபடாமல் காத்தது.