ரேடியேட்டருக்குப் பின்னால் ஒரு மனிதர்

காரோட ரேடியேட்டர் ஒழுகுதுன்னா இன்னிக்கு வீட்டு வாசல்லயே மாத்திடலாம். இன்ஜின் ஆறினதும் கூலன்ட்டை வடிச்சு, ஹோஸ்களைக் கழட்டி, போல்ட்டை எடுத்தா பெட்டி கைக்கு வந்துடும். அந்தப் பெட்டிக்குப் பின்னால் ஒருத்தரோட வாழ்க்கை இருக்கு: வில்ஹெல்ம் மேபாக்.

1846-ல் ஜெர்மனியின் ஹைல்பிரான் நகரில் ஒரு தச்சருக்கு மகனாகப் பிறந்தார். பத்து வயதில் பெற்றோர் இருவரும் இல்லை. ராய்ட்லிங்கனில் இருந்த ஆதரவற்றோர் இல்லம்தான் வளர்த்தது, தொழிலும் கற்றுக்கொடுத்தது. அங்கே பட்டறையை நடத்த வந்த காட்லீப் டைம்லர் இந்தப் பையனோட திறமையைக் கண்டுபிடிச்சார். பிறகு பல வருஷம் இருவரும் சேர்ந்தே உழைத்தார்கள்.

அப்போ கார்களுக்குப் பெரிய தலைவலி சூடுதான். சக்தியைக் கூட்டினா தண்ணி கொதிச்சு ஆவியாகிடும். 1900-ல் டைம்லர் இறந்தார். அதே வருஷம் 35 குதிரைத்திறன் மெர்சிடிஸுக்காக மேபாக் தேன்கூடு ரேடியேட்டரை வடிவமைத்தார். 8070 குட்டிச் சதுரக் குழாய்களைச் சேர்த்துப் பற்றவைத்தது அது. குழாய்க்குள்ளே காற்று, இடுக்கில் தண்ணி. குளிரும் பரப்பு கூடினதால் வெறும் 9 லிட்டர் தண்ணியே போதுமானது. 1901 நீஸ் பந்தயங்களில் அந்தக் கார் ஜெயிச்சது.

ஆனாலும் 1907-ல் கம்பெனியை விட்டு அவர் விலக வேண்டி வந்தது. வயசு 61. அதோட ஓய்ஞ்சுடலை. 1909-ல் மகன் கார்லோடு சேர்ந்து செப்பலின் ஆகாயக் கப்பல்களுக்கு இன்ஜின் செய்யக் கிளம்பிட்டார். 1929-ல் காலமானார்.

பழைய ரேடியேட்டரைக் காயலான் கடைக்குப் போடுறதுக்கு முன்னாடி, அந்த இடுக்குகளை ஒரு நிமிஷம் பாருங்க.