கதவுக்கு வெளியே உட்கார்ந்த தேவ மனுஷன்



அசுசா தெரு எழுப்புதலைப் பற்றி நான் எத்தனையோ கூட்டங்களில் பிரசங்கித்திருக்கிறேன். அக்கினி இறங்கினதைச் சொல்லுவேன், ஜனங்கள் அந்நிய பாஷை பேசினதைச் சொல்லுவேன். ஆனா ஒரு கதவைப் பற்றி மட்டும் சொல்லாமலே விட்டுவிட்டேன். இந்த மாதம் அதை எழுதும்படி ஆவியானவர் என்னை ஏவுகிறார்.

வில்லியம் சீமோர் 1870-ல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் பிறந்தார். பெற்றோர் அடிமைகளாயிருந்து விடுதலையான கறுப்பர்கள். அடிமைத்தனம் போனது, ஆனால் நுகத்தடி வேறு பெயரில் வந்தது. ரயிலில் கறுப்பருக்குத் தனிப்பெட்டி என்று 1890-ல் அந்த மாநிலம் சட்டம் போட்டது. அப்படிப் பிரிப்பது தவறல்ல என்று 1896-ல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லிவிட்டது. காசு கொடுத்து டிக்கெட் வாங்கினாலும் இஷ்டப்பட்ட இடத்தில் உட்கார முடியாது, பாருங்க!

பெரியம்மையில் இடது கண் பார்வையை இழந்த சீமோர், டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரத்துக்கு வந்தார். அங்கே சார்லஸ் பார்ஹாம் என்ற வெள்ளைக்கார ஊழியர் வேதாகமப் பள்ளி நடத்தினார். வெள்ளையரும் கறுப்பரும் தனித்தனிப் பள்ளிகளில்தான் படிக்க வேண்டும் என்று டெக்சாஸின் 1876 அரசியல் சட்டமே சொல்லியிருந்தது. ஆகவே 1906 தொடக்கத்தில் சீமோரை வகுப்புக்கு வெளியே நடையில் உட்கார வைத்தார்கள். திறந்திருந்த கதவு வழியாக வந்த சத்தத்தைக் கேட்டே அவர் அபிஷேகத்தைப் பற்றிக் கற்றுக்கொண்டார். நானாயிருந்தால் ரோஷப்பட்டு எழுந்து போயிருப்பேன். அவர் போகவில்லை. தாகம் அவரை உட்கார வைத்தது.

பிறகு லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போனார். அழைத்த சபையே அவருடைய உபதேசம் பிடிக்காமல் கதவைப் பூட்டியது. ஆனால் 1906 ஏப்ரல் 9-ம் தேதி, போனி பிரே தெருவில் ஒரு வீட்டு ஜெபத்தில் ஆவியானவர் இறங்கினார். கூட்டம் பெருகவே, ஒரு காலத்தில் குதிரை லாயமாயிருந்த அசுசா தெரு 312-ம் எண் கட்டடத்துக்குப் போனார்கள். தினமும் மூன்று ஆராதனை, மூன்று வருஷம்! மரப்பெட்டிக்குள் தலையை வைத்து ஜெபிப்பாராம் சீமோர். வெள்ளையரும் கறுப்பரும் மெக்சிகோ நாட்டாரும் பக்கத்தில் பக்கத்தில் முழங்கால்படியிட்டார்கள். கறுப்புக் கைகள் வெள்ளையர் தலைமேல் வைக்கப்பட்டன. வெளியே உட்கார்ந்தவர் யாரையும் வெளியே உட்கார வைக்கவில்லை.

அதே வருஷம் அக்டோபரில் பார்ஹாம் அங்கே வந்தார். நிறம் பார்க்காமல் ஜனங்கள் கலந்திருந்தது அவருக்குச் சகிக்கவில்லை. எழுப்புதலையே கண்டித்துப் பேசினார். தெற்கத்திச் சட்டம் அந்தக் கட்டடத்துக்குள் வரவில்லை. ஆனால் அவருடைய இருதயத்துக்குள் இருந்தது. கொஞ்ச வருஷத்தில் பெந்தெகொஸ்தே சபைகளும் நிறத்தால் பிரிந்தன. 1922 செப்டம்பர் 28-ல் சீமோர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தபோது, அவரோடு சிறு கூட்டமே மீந்திருந்தது.

பிரிக்கிற சட்டத்துக்கு 1964-ல் அரசாங்கம் முடிவுகட்டியது. அமெரிக்கப் பெந்தெகொஸ்தே தலைவர்களோ 1994-ல்தான் மெம்பிஸ் நகரத்தில் கூடி, அழுது, மன்னிப்புக் கேட்டார்கள். முப்பது வருஷம் பிந்திவிட்டோம், பிரியமானவர்களே!

எழுப்புதல் வேண்டுமென்று இராமுழுதும் ஜெபிக்கிறோமே, நம்முடைய கதவுக்கு வெளியே யாரை உட்கார வைத்திருக்கிறோம்? முதலில் என் இருதயத்தை ஆராயும்படி கேட்கிறேன். நீங்களும் கேளுங்கள். கதவைத் திறப்போம், அக்கினி இறங்கும். ஆமென், அல்லேலூயா!