அசிட்டோன் இல்லைன்னா பாதுகாப்பா? நெயில் பாலிஷ் ரிமூவர் வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய டாக்டர் ஆலிஸ் ஹாமில்டன்

நெயில் பாலிஷ் ரிமூவர் வாங்கப் போனால் பாட்டிலில் முதலில் கண்ணில் படுவது இரண்டு வார்த்தைகள்தான்: ‘ஜென்டில்’, ‘அசிட்டோன் ஃப்ரீ’. இரண்டுக்கும் ஒரே அர்த்தம் என்று நினைத்துப் பலரும் எடுத்து வந்துவிடுகிறார்கள். ஆனால் காய்ந்த பாலிஷ் தானாகக் கரையாது. அதைக் கரைக்க ஏதாவது ஒரு கரைப்பான் இருந்தே ஆகணும். அசிட்டோன் இல்லை என்றால், அந்த இடத்தில் என்ன இருக்கிறது? அதன் ஆவியை யார், எத்தனை மணி நேரம் சுவாசிக்கிறார்கள்?

இந்தக் கேள்வியை ஒரு நூற்றாண்டுக்கு முன்பே தொழிற்சாலை தொழிற்சாலையாகப் போய்க் கேட்டவர் அமெரிக்க டாக்டர் ஆலிஸ் ஹாமில்டன். வேலையிடத்தில் இருக்கும் விஷங்களைக் கண்டறியும் மருத்துவத் துறைக்கு அமெரிக்காவில் அடித்தளம் போட்டவர் இவர்.

யார் இந்த ஆலிஸ்?

1869 பிப்ரவரி 27-ல் நியூயார்க்கில் பிறந்தார். வளர்ந்தது இந்தியானா மாநிலத்தின் ஃபோர்ட் வெய்ன் நகரில். சிறு வயதில் படிப்பெல்லாம் வீட்டிலேயே. கிரேக்கப் புராணக் கதைகளை எழுதிப் புகழ்பெற்ற ஈடித் ஹாமில்டன் இவருடைய அக்கா.

பெண்கள் டாக்டராவதே அபூர்வமாக இருந்த காலத்தில், 1893-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் வாங்கினார். பிறகு அக்காவும் தங்கையும் மேற்படிப்புக்காக ஜெர்மனி போனார்கள். அங்கே மியூனிக்கிலும் லைப்சிக்கிலும் வகுப்பில் உட்கார அனுமதி கிடைத்தது. ஆனால் மாணவர்கள் கண்ணில் அதிகம் படாமல் இருக்க வேண்டும் என்பது எழுதப்படாத விதி.

திருப்பம் எங்கே நடந்தது?

1897-ல் சிகாகோவில் பெண்கள் மருத்துவக் கல்லூரி ஒன்றில் வேலை கிடைத்தது. தங்கியது ஹல் ஹவுஸில். ஜேன் ஆடம்ஸ் என்ற சமூக சேவகர், ஏழைக் குடியேறிகள் வாழும் பகுதியில் நடத்திவந்த இல்லம் அது. இத்தாலி, கிரேக்கம், கிழக்கு ஐரோப்பா என்று பல நாடுகளிலிருந்து வந்த தொழிலாளர்கள்தான் அக்கம்பக்கத்தினர். கைக்குழந்தைகளுக்கான ஒரு சிறு கிளினிக்கை ஆலிஸ் அங்கே நடத்தினார்.

அங்கேதான் அவருக்கு ஒரு விஷயம் உறைத்தது. நல்ல வயதில் இருக்கும் ஆண்களுக்குக் கை மணிக்கட்டு தொங்கிப்போகிறது. வயிற்றுவலியில் துடிக்கிறார்கள். கேட்டால், பெயின்ட்டுக்கான ஈயப்பொடி தயாரிக்கும் இடத்தில் வேலை என்கிறார்கள். ஐரோப்பாவில் இதைப் பற்றிப் புத்தகங்களே வந்துவிட்டன. அமெரிக்காவிலோ, இங்கே அந்தப் பிரச்சினையே இல்லை என்று முதலாளிகளும் பல டாக்டர்களும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

ஆலிஸும் தப்பே செய்யாதவர் இல்லை. 1902-ல் சிகாகோவில் டைஃபாய்டு பரவியபோது, ஈக்கள்தான் காரணம் என்று ஆய்வு செய்து சொன்னார். பெரிய பாராட்டு கிடைத்தது. பிறகுதான் தெரிந்தது, குடிநீர்க் குழாயில் சாக்கடை கலந்ததுதான் முக்கியக் காரணம் என்று. இந்தத் தவறைப் பிற்பாடு தன் சுயசரிதையில் அவரே எழுதி வைத்தார்.

தடயம் தேடியது எப்படி?

1910-ல் இலினாய் மாநில அரசு, தொழில் நோய்கள் பற்றிய ஆய்வுக்கு அவரைப் பொறுப்பாளராக்கியது. தொழிற்சாலைக்குள் முதலாளி பக்கத்தில் நிற்கும்போது எந்தத் தொழிலாளியும் வாய் திறக்க மாட்டார். வேலை போய்விடுமே! அதனால் ஆலிஸ் வீடு வீடாகப் போனார். மருத்துவமனைப் பதிவேடுகளைப் புரட்டினார். மருந்துக்கடைக்காரர்களிடமும் பாதிரியார்களிடமும் விசாரித்தார்.

முடிவு? ஈயம் பயன்படும் 70-க்கும் மேற்பட்ட தொழில்முறைகள், 500-க்கும் மேற்பட்ட ஈய நச்சு நோயாளிகள் என்று ஒரே மாநிலத்தில் பட்டியல் நீண்டது. அடுத்த ஆண்டே, 1911-ல், இலினாயில் தொழில் நோய்த் தடுப்புச் சட்டம் வந்தது. பாதுகாப்பு வசதி, மாதாந்திர மருத்துவப் பரிசோதனை, நோய் வந்தால் அரசுக்குத் தகவல் ஆகியவை முதலாளியின் கடமையாயின.

ஒரு பெரிய ஈயக் கம்பெனியின் துணைத்தலைவர், தன் ஆட்களுக்கு நோயே இல்லை என்று சாதித்தார். ஆலிஸ் சண்டை போடவில்லை. ஆதாரத்தோடு 22 பேரின் விவரத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார். அவர் மனம் மாறி, தூசியையும் புகையையும் கட்டுப்படுத்த ஏற்பாடு செய்தார், டாக்டர்களையும் நியமித்தார்.

நெயில் பாலிஷுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

இன்றைய நெயில் பாலிஷ் பாட்டிலில் பளபளப்பான படலத்தைக் கொடுப்பது நைட்ரோசெல்லுலோஸ். 1920-களில் கார்களுக்கு அடித்த வேகமாகக் காயும் பெயின்ட்டிலும் இதே பொருள்தான். அந்த மாதிரி பூச்சுகளையும் ரப்பரையும் பசையையும் கரைக்க, அப்போது மலிவாகக் கிடைத்தது பென்சீன். முதல் உலகப்போரில் வெடிமருந்துக்காக ஏராளமாகத் தயாரிக்கப்பட்ட பென்சீன், போர் முடிந்ததும் தேங்கி நின்றது. அதனால் கரைப்பானாகத் தொழிற்சாலைகளுக்குள் நுழைந்தது.

நல்லா கரைக்கும், சீக்கிரம் காயும், விலையும் குறைவு. வேறென்ன வேணும்? ஆனால் அந்த ஆவியைத் தினமும் சுவாசித்தவர்களுக்கு எலும்பு மஜ்ஜை கெட்டது. ரத்த அணுக்கள் குறைந்தன. ரத்தப்போக்கு நிற்கவில்லை. 1922-லேயே அமெரிக்க மருத்துவ இதழில் ஆலிஸ் இதைப் பற்றி எச்சரித்தார். பென்சீன் ரத்தப் புற்றுநோயையும் உண்டாக்கும் என்பது பின்னாளில் உறுதியானது.

ஹார்வர்டு போட்ட மூன்று நிபந்தனைகள்

1919-ல் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரி அவரை உதவிப் பேராசிரியராக நியமித்தது. ஹார்வர்டு ஆசிரியர் குழுவில் முதல் பெண் அவர்தான். காரணம் தாராள மனசு இல்லை. அந்தத் துறையில் அவர் அளவுக்குத் தெரிந்தவர் வேறு யாருமில்லை. அதிலும் மூன்று நிபந்தனைகள்: ஆசிரியர் கிளப்புக்குள் வரக்கூடாது, கால்பந்து டிக்கெட் கேட்கக்கூடாது, பட்டமளிப்பு ஊர்வலத்தில் நடக்கக்கூடாது. 1935-ல் ஓய்வுபெறும்வரை பதவி உயர்வே கிடையாது. அந்தக் கல்லூரியில் பெண்கள் மாணவிகளாகச் சேர முடிந்ததே 1945-ல்தான்.

அவர் எல்லாப் போராட்டத்திலும் ஜெயிக்கவும் இல்லை. பெட்ரோலில் ஈயம் கலக்கும் திட்டத்தை 1925-ல் வாஷிங்டன் மாநாட்டில் எதிர்த்தார். எடுபடவில்லை. கார்களுக்கான ஈய பெட்ரோல் விற்பனை உலகம் முழுக்க முடிவுக்கு வந்தது 2021-ல்தான்.

சரி, எந்த ரிமூவர் வாங்கலாம்?

ஆலிஸின் அணுகுமுறை ரொம்ப எளிமை. பெயரைப் பார்க்காதே, உள்ளே என்ன, யார் சுவாசிக்கிறார்கள், எவ்வளவு நேரம் என்று பார். அதையே இங்கேயும் வைத்துப் பார்க்கலாம்.

அசிட்டோன் வேகமாக வேலை செய்யும். நகத்தையும் தோலையும் வறளச் செய்யும். ஆனால் பென்சீன் போல மஜ்ஜையைத் தாக்கும் விஷம் இல்லை. உடலே சிறிதளவு அசிட்டோனைத் தயாரிக்கிறது. ‘அசிட்டோன் ஃப்ரீ’ பாட்டில்களில் பெரும்பாலும் இருப்பது எத்தில் அசிட்டேட். கொஞ்சம் மெதுவாக வேலை செய்யும், வறட்சியும் சற்றுக் குறைவு. ஆனால் அதுவும் கரைப்பான்தான். இரண்டுமே எளிதில் தீப்பிடிக்கும். மூடிய அறையில் இரண்டின் ஆவியும் தலைவலி, தலைச்சுற்றல் தரும்.

அதனால், பொருட்கள் பட்டியல் அச்சிட்ட பாட்டிலையே வாங்குங்கள். நகம் எளிதில் உடைகிறது என்றால் அசிட்டோன் இல்லாததும், கிளிசரின் அல்லது எண்ணெய் சேர்த்ததும் நல்லது. ஜெல் பாலிஷுக்குப் பெரும்பாலும் அசிட்டோன்தான் தேவைப்படும். சுரண்டி எடுத்தால் நகமும் சேர்ந்து உரியும். ஜன்னலைத் திறந்துவையுங்கள். அடுப்பு, விளக்கு பக்கத்தில் வேண்டாம். துடைத்ததும் கை கழுவி, கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். பாட்டில் குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

வீட்டில் வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் பயன்படுத்துபவருக்கு இது போதும். ஆனால் பார்லரில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு அது நாள் முழுக்க சுவாசிக்கும் காற்று. ஏசி அறையில் ஜன்னல் மூடியிருந்தால் ‘ஜென்டில்’ என்ற வார்த்தைக்கு அவரிடம் அர்த்தமே இல்லை. அவருக்குத் தேவை காற்றோட்டமும், ஆவியை வெளியே இழுக்கும் ஃபேனும்.

ஆலிஸ் ஹாமில்டன் 1970 செப்டம்பர் 22-ல், 101-வது வயதில் மறைந்தார். மூன்று மாதம் கழித்து, டிசம்பர் 29-ல், அமெரிக்கா முழுமைக்குமான வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் கையெழுத்தானது. அடுத்த முறை பார்லரில் ரிமூவர் வாசனை மூக்கில் ஏறினால், ஜன்னலைத் திறக்கச் சொல்லிக் கேளுங்கள். கை நீட்டி உட்கார்ந்திருப்பவர் கேட்டால், வேலை செய்பவருக்கும் காற்று கிடைக்கும்.