மெட்ராஸ் வந்த மிட்ஷிப்மேன்: நெல்சனும் அவர் கேட்ட பதக்கமும்



கடந்த குடியரசு தினத்தன்று கொடியேற்ற வந்திருந்தவர்களுக்கு இது நினைவிருக்கும். ஓய்வுபெற்ற கடற்படைக்காரர் ஒருவர், நம் குடியிருப்பில் இருப்பவர், கோட்டில் பதக்கங்களைக் குத்திக்கொண்டு வந்திருந்தார். மூன்றாம் மாடிக் குழந்தை ஒன்று அவற்றைத் தொட்டுப் பார்த்து, இவை எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டது. நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. இவை கடையில் கிடைக்காது, கூட வேலை பார்த்த பல பேருக்கும் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டு, சர்க்கரைப் பொங்கல் கிண்ணத்தோடு நகர்ந்துவிட்டார்.

அவர் சொன்னதில் பின்பாதி என் மனதில் தங்கிவிட்டது. முப்பத்தைந்து வருடம் வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு அந்தப் பின்பாதி நன்றாகப் புரியும். கல்லூரியில் படித்தது வணிகவியல் என்றாலும் சரித்திரப் புத்தகம் படிக்கும் பழக்கம் எனக்கு உண்டு. பதக்கம் என்றதும் நினைவுக்கு வந்தவர் இங்கிலாந்தின் அட்மிரல் நெல்சன். அவருடைய கதையை இந்த இதழில் சொல்கிறேன். நம் ஊருக்கும் அதில் ஒரு சின்ன இடம் உண்டு.

மாமா கைபிடித்து ஏறிய கப்பல்

ஹொரேஷியோ நெல்சன் 1758 செப்டம்பர் 29-ஆம் தேதி இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் பர்ன்ஹாம் தார்ப் என்ற கிராமத்தில் பிறந்தார். அப்பா அந்த ஊர்ப் பாதிரியார். பதினொரு பிள்ளைகளில் இவர் ஆறாவது. ஒன்பது வயதில் அம்மா காலமாகிவிட்டார்.

தாய்மாமன் மாரிஸ் சக்ளிங் கடற்படையில் கேப்டன். நம் வீடுகளில் மாமா சொல்லி வேலைக்குச் சேர்ந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறோம். நெல்சனும் அப்படித்தான். 1771-இல், பன்னிரண்டு வயதில், மாமாவின் கப்பலில் சேர்ந்தார். ஒல்லியான பிள்ளை. கப்பல் ஆடினால் வாந்தி எடுப்பார். அந்தத் தொந்தரவு அட்மிரல் ஆன பிறகும் அவரை விடவில்லை.

1773-இல் வடதுருவப் பக்கம் போன ஒரு ஆராய்ச்சிப் பயணத்தில் சேர்ந்து பனிக்கடலைப் பார்த்தார். திரும்பி வந்த சூட்டோடு ‘சீஹார்ஸ்’ என்ற கப்பலில் கிழக்கே புறப்பட்டார்.

மெட்ராஸ் கரையில்

அந்தக் கப்பல் 1774 மே மாதம் மெட்ராஸ் வந்து சேர்ந்தது. நெல்சனுக்கு அப்போது வயது 15. கத்திரி வெயில் நேரம். மெட்ராஸில் துறைமுகம் கட்டாத காலம் அது. கப்பல்கள் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். ஆளும் சரக்கும் மசூலாப் படகில் அலையைத் தாண்டித்தான் கோட்டைப் பக்கம் கரையேற வேண்டும்.

அடுத்த வருடம் கிழக்கிந்தியக் கம்பெனியின் பணத்தை பம்பாய்க்குக் கொண்டுபோகும் வேலை அந்தக் கப்பலுக்கு வந்தது. எங்கள் வங்கி பாஷையில் சொன்னால் கேஷ் ரெமிட்டன்ஸ். போகிற வழியில், 1775 பிப்ரவரியில், ஹைதர் அலியின் இரண்டு கப்பல்கள் எதிர்ப்பட்டன. கொஞ்ச நேரம் பீரங்கிச் சண்டை நடந்தது. நெல்சன் பார்த்த முதல் சண்டை அதுதான். திருகோணமலைத் துறைமுகத்தையும் அந்தப் பயணத்தில்தான் பார்த்தார். அதைப் போன்ற துறைமுகம் வேறில்லை என்பது அவர் எண்ணம்.

பிறகு மலேரியா வந்தது. கைகால் அசைக்க முடியாத நிலையில் 1776-இல் வேறு கப்பலில் ஏற்றி ஊருக்கு அனுப்பினார்கள். பிழைப்பதே சந்தேகமாக இருந்தது.

‘சீஹார்ஸ்’ கப்பலில் அவரோடு இன்னொரு இளைஞனும் இருந்தான். பெயர் தாமஸ் ட்ரூப்ரிட்ஜ். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கண் போனது, கை போனது

ஊர் திரும்பிய நெல்சன் உடம்பு தேறி, 18 வயதில் லெப்டினன்ட் பரீட்சை தேறினார். 20 வயதில் கேப்டன். மாமா அப்போது கடற்படை நிர்வாகத்தில் பெரிய பதவிக்கு வந்திருந்தது உதவியது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சமாதான காலத்தில் வேலை இல்லை. 1787-இல் மணந்த மனைவி ஃபேன்னியோடு ஐந்து வருடம் பாதிச் சம்பளத்தில் அப்பா ஊரில் உட்கார்ந்திருந்தார்.

1793-இல் பிரான்சோடு போர் மூண்டது, கப்பலும் கிடைத்தது. மறுவருடம் கோர்சிகா தீவில் கால்வி கோட்டை முற்றுகையில் குண்டு பட்டுத் தெறித்த மண்ணும் கல்லும் வலது கண்ணில் அடித்துப் பார்வை போயிற்று. சினிமாவில் காட்டுவதுபோல் அவர் கண்ணுக்குக் கறுப்புத் துணி கட்டிக்கொண்டதில்லை.

1797 பிப்ரவரி 14 அன்று ஸ்பெயின் கடற்படையோடு செயின்ட் வின்சென்ட் முனையில் சண்டை. உத்தரவுக்குக் காத்திராமல் வரிசையை விட்டு விலகித் தன் கப்பலைக் குறுக்கே விட்டார். இரண்டு ஸ்பானியக் கப்பல்களை அடுத்தடுத்து ஏறிப் பிடித்தார். அதற்காக ‘பாத்’ வரிசை வீரப்பட்டமும் ஒரு தங்கப் பதக்கமும் கிடைத்தன. அதே வருடம் ஜூலையில் டெனரீஃப் தீவில் தோல்வி. வலது கை போயிற்று. அதன்பிறகு எழுதியதெல்லாம் இடது கையால்தான்.

யாருக்குப் பதக்கம்?

இங்கே ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் கடற்படைத் தங்கப் பதக்கம் அட்மிரல்களுக்கும் கேப்டன்களுக்கும் மட்டுமே. அட்மிரலுக்குப் பெரியது, கேப்டனுக்குச் சிறியது. பீரங்கியில் குண்டு போட்டவன், பாய்மரத்தில் ஏறியவன், அறுவை மேசைக்கு ஆளைத் தூக்கிப் போனவன், இவர்கள் யாருக்கும் எதுவும் கிடையாது.

1798 ஆகஸ்ட் 1-ஆம் தேதி மாலை எகிப்தின் அபுகீர் விரிகுடாவில் பிரெஞ்சுக் கடற்படையை நெல்சன் பிடித்தார். நெப்போலியனை எகிப்தில் கொண்டு இறக்கிய கடற்படை அது. இரவு முழுக்கச் சண்டை. 13 பெரிய போர்க்கப்பல்களில் 11 பிடிபட்டன அல்லது அழிந்தன. நைல் நதிப் போர் என்று அதற்குப் பெயர். நெல்சனுக்கு பாரன் பட்டமும், வருடத்துக்கு 2,000 பவுண்டு ஓய்வூதியமும் கிடைத்தன. எகிப்து வழியாக நெப்போலியன் இந்தியாவுக்கு வந்துவிடுவார் என்று பயந்துகொண்டிருந்த கிழக்கிந்தியக் கம்பெனி 10,000 பவுண்டு கொடுத்தது. அந்தப் பணம் எந்த நாட்டு வரிப்பணத்திலிருந்து போயிருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. துருக்கி சுல்தான் தலைப்பாகையில் சூடும் வைர அணி ஒன்றை அனுப்பினார். அதில் கடிகார இயந்திரம் வைத்து நடுவில் சுழலும்படி செய்திருந்தார்கள்.

அந்தப் போரில் ட்ரூப்ரிட்ஜின் கப்பல் ‘கல்லோடன்’ விரிகுடா வாயிலிலேயே மணல்திட்டில் தட்டி நின்றுவிட்டது. ஒரு குண்டுகூடப் போட முடியவில்லை. ஆனால் பின்னால் வந்த கப்பல்கள் அதைப் பார்த்துத்தான் திட்டைத் தவிர்த்து உள்ளே போயின. சண்டையிட்ட கப்பல்களின் கேப்டன்களுக்கே பதக்கம் என்றது அரசு. நெல்சன் விடவில்லை. ட்ரூப்ரிட்ஜ் எவ்வளவு உழைத்தவர் என்று எழுதினார், அவருக்கும் பதக்கம் வாங்கிக் கொடுத்தார். அந்தக் கப்பலின் முதல் லெப்டினன்டுக்கும் பதவி உயர்வு கேட்டார்.

நெல்சனின் நண்பரும் முகவருமான அலெக்சாண்டர் டேவிசன் இன்னொரு காரியம் செய்தார். தன் சொந்தச் செலவில் பதக்கம் அடித்து, அந்தப் போரில் இருந்த ஒவ்வொருவருக்கும் கொடுத்தார். கேப்டன்களுக்குத் தங்கம், அதிகாரிகளுக்கு வெள்ளி, அடுத்த நிலைக்கு முலாம் பூசியது, மாலுமிகளுக்குச் செம்பு. உலோகத்தில் ஏற்றத்தாழ்வு இருந்தது, ஆனால் கடைசி மாலுமி வரை விட்டுப்போகவில்லை.

கிடைக்காத பதக்கம்

1801 ஏப்ரல் 2-ஆம் தேதி டென்மார்க்கின் கோபன்ஹேகனில் சண்டை. சண்டையை நிறுத்தச் சொல்லி மேலதிகாரி கொடி காட்டியபோது, பார்வையில்லாத கண்ணில் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு, கொடியே தெரியவில்லை என்று நெல்சன் சொன்னதாகக் கதை. சண்டையில் அவர் பக்கம் ஜெயித்தது. கடுமையான சண்டை, இரு பக்கமும் நிறையப் பேர் செத்தார்கள். நெல்சனுக்கு வைகவுன்ட் பட்டம் வந்தது.

ஆனால் பதக்கம் இல்லை. டென்மார்க்கோடு முறைப்படி போர் அறிவிக்கவில்லை, அந்த நாட்டை மேலும் புண்படுத்த வேண்டாம் என்பது அரசின் நிலை. லண்டன் மாநகராட்சியும் வழக்கமான நன்றித் தீர்மானம் போடவில்லை. நெல்சன் பிரதமருக்கு எழுதினார், கடற்படை அமைச்சருக்கு எழுதினார். தனக்குப் பட்டம் கொடுத்துவிட்டு, தன்னோடு நின்றவர்களை விட்டுவிட்டது நியாயமில்லை என்பது அவர் வாதம். அவர்களுக்கு நன்றி சொல்லாதவரை மாநகராட்சியின் மரியாதை எதுவும் தனக்கு வேண்டாம் என்று விருந்து அழைப்பையே மறுத்தார். கடைசி வரை அந்தப் பதக்கம் வரவில்லை.

அவரை மகானாக்க வேண்டாம். புகழாசை மிகுந்தவர். மனைவியை விட்டு எம்மா ஹாமில்டன் என்ற பெண்ணோடு வாழ்ந்தார். 1799-இல் நேப்பிள்ஸில் சரணடைந்தவர்களை அவர் நடத்திய விதமும், கராச்சியோலோ என்ற அதிகாரியை அவசர விசாரணையில் தூக்கிலிட்டதும் அழியாத கறை. அடிமை வியாபாரத்தை ஒழிக்க வந்தவர்களை எதிர்த்தார். ட்ரூப்ரிட்ஜோடும் 1801-க்குப் பிறகு மனம் கசந்துவிட்டது. எல்லாம் உண்மை. தன்னோடு சண்டையில் நின்றவர்களுக்காக வாதாடியதும் உண்மை.

டிரஃபால்கர்

1805 அக்டோபர் 21. ஸ்பெயின் கரைக்கு அப்பால் பிரான்சும் ஸ்பெயினும் சேர்ந்து 33 கப்பல்கள், நெல்சனிடம் 27. இரண்டு வரிசையாக எதிரியின் வரிசையை அறுத்துக்கொண்டு உள்ளே போனார். அவர் போட்டிருந்த கோட்டில் நான்கு வரிசைகளின் நட்சத்திரச் சின்னங்கள் துணியில் தைத்திருந்தன. அது அவர் தினமும் போட்ட கோட்டுதான். எதிரி அடையாளம் கண்டுவிடுவானே என்று உடனிருந்தவர்கள் கவலைப்பட்டார்கள். அவர் மாற்றவில்லை.

பகல் ஒன்றேகால் மணி வாக்கில் பிரெஞ்சுக் கப்பலின் பாய்மரத்திலிருந்து வந்த துப்பாக்கிக் குண்டு இடது தோளில் நுழைந்து முதுகெலும்பில் தங்கியது. கீழே தூக்கிப் போகும்போது, மாலுமிகள் பார்த்து மனம் தளரக் கூடாது என்று முகத்தையும் அந்தச் சின்னங்களையும் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். ஜெயித்தோம் என்ற செய்தியைக் கேட்ட பிறகு நாலரை மணி வாக்கில் உயிர் பிரிந்தது. வயது 47. 1806 ஜனவரி 9-ஆம் தேதி லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தில் அடக்கம்.

ட்ரூப்ரிட்ஜ் பிறகு அட்மிரலாகி இந்தியப் பக்கம் வந்தார். 1807 ஜனவரியில் பழைய ‘பிளென்ஹெய்ம்’ கப்பலில் மெட்ராஸிலிருந்து புறப்பட்டவர், இந்தியப் பெருங்கடல் புயலில் கப்பலோடு காணாமல் போனார். 1774-இல் ஒரே கப்பலில் மெட்ராஸ் வந்த இருவரில் ஒருவருக்குப் பெரிய கல்லறை, இன்னொருவருக்குக் கல்லறையே இல்லை.

அரசு 1847-இல்தான் பழைய போர்களுக்காக எல்லா நிலையினருக்கும் பொதுப் பதக்கம் அறிவித்தது. கோபன்ஹேகனும் பட்டியலில் இருந்தது. ஆனால் உயிரோடு இருப்பவர்கள் விண்ணப்பித்து வாங்க வேண்டும். 46 வருடம் கழித்து எத்தனை பேர் இருப்பார்கள்? சில நூறு கிழவர்களுக்குக் கிடைத்தது. சுல்தானின் வைர அணியோ 1951-இல் அருங்காட்சியகத்திலிருந்து திருடு போய், இன்றுவரை கிடைக்கவில்லை.

நம் கணக்கு ஒன்று

இதை எழுதும்போது என் வீட்டு அலமாரியைப் பார்த்தேன். ஊரடங்கு காலத்தில் நான் நம் சங்கத்தின் பொருளாளர். அடுத்த வருட விழாவில் கமிட்டி உறுப்பினர்களுக்குக் கேடயம் கொடுத்தார்கள். நானும் மேடையேறி, சால்வையோடு படம் எடுத்துக்கொண்டேன். ஊருக்குப் போகாமல் நாற்பது நாள் ஜெனரேட்டர் அறையில் படுத்து, வாசலையும் மோட்டாரையும் பார்த்துக்கொண்ட காவலாளி அன்று நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை. நானும் சொல்லவில்லை. இப்போது அவர் இங்கே வேலையில் இல்லை.

கமிட்டிக்கு என் வேண்டுகோள் இதுதான். வருகிற ஆகஸ்ட் 15 அன்று, கேடயம் வாங்கச் செலவிடும் தொகையை முதலில் காவல், துப்புரவு, பிளம்பிங் வேலை பார்ப்பவர்களுக்கு ஒதுக்குங்கள். பெயர் சொல்லி மேடைக்குக் கூப்பிடுங்கள். வேலையை விட்டுப் போன அந்தக் காவலாளியின் தொலைபேசி எண்ணைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டேன். அவர் வந்துபோகும் பஸ் செலவு என்னுடையது.